அனுப்பியவர்கள் வரவேற்க மறந்தபோது: 1881இல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய சீன மாணவர்கள்

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஊர் ஒட்டவில்லை என்றால் நாம் முதலில் பிள்ளையைத்தான் பார்க்கிறோம். "அங்கே போய் ஆளே மாறிவிட்டான்", "அவளுக்கு இங்கே எதுவும் பிடிப்பதில்லை" என்கிறோம். கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும் என்று ஆறுதலும் சொல்லிக்கொள்கிறோம். சிக்கலும் அதன் தீர்வும் திரும்பி வந்தவரின் மனதுக்குள்ளேயே இருப்பதாக எண்ணும் இந்தப் பார்வை பாதி உண்மைதான் என்பது என் கருத்து. மறுபாதி, அவரை ஏற்றுக்கொள்ளும் பக்கத்தில் இருக்கிறது. அதைக் காட்ட, நூற்றைம்பது ஆண்டு பழைய ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன்.

1872 முதல் 1875 வரை சீன அரசு தன் செலவில், ஆண்டுக்கு 30 பேர் வீதம் 120 சிறுவர்களை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பியது. 1881இல், படிப்பு முடியும் முன்பே, எல்லோரையும் திரும்ப அழைத்தது. ஒரே கூட்டம், ஒரே ஆண்டில், ஒரே துறைமுகத்துக்குத் திரும்பியது. அதன் பிறகு யார் எங்கே போனார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பது பெரும்பாலும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் தாங்கள் வளர்ந்த வீடுகளுக்கு அவர்கள் எழுதிய கடிதங்கள் சிலவும் மிஞ்சியிருக்கின்றன. ஊர் திரும்புதலைப் படிக்க இதைப் போன்ற ஒரு நிகழ்வு அரிதாகவே கிடைக்கும்.

முதலில் திரும்பியவர்

இந்தத் திட்டத்தின் மூலவர் யுங் விங். 1828இல் மக்காவ் அருகே ஒரு சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மிஷனரிப் பள்ளியில் படித்து, 1847இல் தன் ஆசிரியரோடு அமெரிக்கா போனார். 1854இல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவரே. அதே ஆண்டின் இறுதியில் கப்பலேறி, ஐந்து மாதக் கடல் பயணத்துக்குப் பின் ஹாங்காங்கை நெருங்கினார். வழிகாட்டிக் கப்பலோட்டி ஏறியதும், அவரிடம் பாறைகளைப் பற்றிச் சீனத்தில் கேட்கச் சொன்னார் கேப்டன். யுங் விங்குக்குச் சொற்கள் வரவில்லை. தாய்மொழியை மீட்க கான்டனில் ஏறக்குறைய அரை ஆண்டு உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது.

அம்மாவைப் பார்க்கப் போனதை அவர் தன் நினைவுக் குறிப்பில் விரிவாகவே எழுதியிருக்கிறார். பட்டம் வாங்கிவிட்டேன் என்றதும், அதற்கு எவ்வளவு பணம் கொடுப்பார்கள் என்று அம்மா கேட்கிறார். மகன் மீசை வைத்திருப்பதைப் பார்த்து, உனக்கு மூத்தவனே இன்னும் மீசை வைக்கவில்லை, எடுத்துவிடு என்கிறார். மகன் உடனே போய் எடுத்துவிடுகிறார். இந்த இரண்டு சிறு சம்பவங்களிலும் சண்டை இல்லை, வருத்தமும் இல்லை. மகனின் எட்டு ஆண்டுகளை அளக்க அம்மாவிடம் இருந்த அளவுகோல்கள் குடும்பப் பொருளாதாரமும் அண்ணன் தம்பி வரிசையும்தான். அவற்றைக் கொண்டு அவர் அன்போடு அளந்தார். மகனும் அந்த அளவை ஏற்றுக்கொண்டார்.

வீடு இப்படி ஏற்றுக்கொண்டது. வெளியுலகம் ஏற்கவில்லை. ஹாங்காங்கில் சட்டம் பயில முயன்றபோது ஆங்கிலேய வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். ஷாங்காய் சுங்கத் துறையில் சேர்ந்து, ஒரு சீனர் அங்கே உயர் பதவிக்கு வர முடியுமா என்று கேட்டார். முடியாது என்ற பதில் வந்ததும் விலகினார். பிறகு தேயிலை வியாபாரம். யேல் பட்டதாரி ஒருவருக்குத் தன் படிப்புக்குத் தகுந்த முதல் வேலை 1863இல்தான் வாய்த்தது. தைப்பிங் கிளர்ச்சியை அடக்கிக்கொண்டிருந்த ஸெங் குவோஃபான், அமெரிக்காவிலிருந்து இயந்திரங்கள் வாங்கிவரும் பொறுப்பை அவரிடம் தந்தார். அந்த இயந்திரங்கள்தான் பின்னாளில் ஜியாங்னான் படைக்கலச் சாலையில் நிறுவப்பட்டன. ஊர் திரும்பியதற்கும் இந்த வேலைக்கும் இடையில் எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

எதை முன்கூட்டியே யோசித்தார்கள்

தான் பட்டதை யுங் விங் மறக்கவில்லை. 1870இல் ஸெங் குவோஃபானும் அவரைப் போலவே அரசில் செல்வாக்குள்ள உயர் அதிகாரியான லி ஹோங்ஜாங்கும் இசைந்த பிறகு உருவான திட்டத்தில், திரும்பி வருதலைப் பற்றிய கவலை ஒவ்வொரு விதியிலும் தெரிகிறது. சிறுவர்களோடு சீன ஆசிரியர்களும் போக வேண்டும். தாய்மொழிப் பாடம் நிற்கக் கூடாது. பேரரசருக்குப் பணிவின் அடையாளமாகச் சீன ஆண்கள் வைத்திருந்த சடையை வெட்டக் கூடாது. குறித்த நாள்களில் பேரரசர் இருக்கும் திசை நோக்கி வணங்க வேண்டும். பதினைந்து ஆண்டுப் படிப்பு முடிந்து வந்ததும் அரசுப் பணி. பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கினார்கள்: மகன் அங்கேயே தங்கிவிடக் கூடாது, நோய் வந்தாலோ இறந்தாலோ அது விதி. பின்னாளில் புகழ்பெற்ற ரயில்வே பொறியாளரான ஜான் தியன்யோவின் தந்தை 1872இல் எழுதிக் கொடுத்த அத்தகைய ஒப்புதல் இன்றும் கிடைக்கிறது. ஊரில் வசதியான குடும்பங்கள் பிள்ளைகளைத் தர மறுத்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டார் வாடை ஏற்கெனவே பழகியிருந்த குவாங்தோங் மாகாணத்துப் பிள்ளைகள்.

இத்தனை ஏற்பாடுகளும் மாணவன் மீது வைத்த காவல்கள். அவன் மாறிவிடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அவன் மாறித்தான் வருவான், அந்த மாறிய ஆளை எந்த அலுவலகம், எந்தப் பணியில், யாருக்குக் கீழே அமர்த்தப் போகிறது என்ற கேள்வியை யாரும் எழுதி வைக்கவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ஹார்ட்ஃபோர்டில்

கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரம் திட்டத்தின் தலைமையிடம். சிறுவர்களை இரண்டு மூன்று பேராக அங்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் இருந்த வீடுகளில் தங்கவைத்தார்கள். நீண்ட அங்கியும் சடையுமாக வந்தவர்களைத் தெருப் பிள்ளைகள் பெண் பிள்ளைகள் என்று கேலி செய்ய, விரைவிலேயே கோட்டு சூட்டுக்கு அனுமதி கிடைத்தது. சடையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பேஸ்பால் ஆடினார்கள், தனி அணியே வைத்திருந்தார்கள். ஜோங் வென்யாவோ என்பவர் யேல் படகுப் போட்டி அணிக்குச் சுக்கான் பிடித்து ஹார்வர்டை வென்றார். பத்து, பன்னிரண்டு வயதில் ஒரு வீட்டுக்குள் போய், அந்த வீட்டம்மாவை அம்மா இடத்தில் வைத்து வளர்ந்த பிள்ளைகள் வேறெப்படி இருப்பார்கள்?

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி வு ஸிதெங்குக்கு இது பொறுக்கவில்லை. மாணவர்கள் விளையாட்டிலேயே இருக்கிறார்கள், தேவாலயம் போகிறார்கள், பெரியவர்களை நெற்றி தரையில் பட வணங்க மறுக்கிறார்கள், இப்படியே விட்டால் நாட்டுக்கு உதவமாட்டார்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். அதே சமயம் அமெரிக்காவில் சீனருக்கு எதிரான வெறுப்பு வளர்ந்து வந்தது. உயர் ராணுவ, கடற்படைக் கல்லூரிகளில் சீன மாணவர்களைச் சேர்க்க அமெரிக்க அரசு மறுத்தது. யேல் தலைவர் நோவா போர்ட்டர் எழுதிய கடிதமும், மார்க் ட்வெய்ன் வழியாக முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்ட் லி ஹோங்ஜாங்குக்குச் செய்த பரிந்துரையும் முடிவைத் தள்ளிப்போட்டனவே தவிர மாற்றவில்லை. 1881 கோடையில் ஆணை வந்தது. அப்போது யேலில் பட்டம் முடித்திருந்தவர்கள் இருவர் மட்டுமே. ஒருவர் ஜான் தியன்யோ.

ஷாங்காய் கரையில்

நூற்றுக்குச் சற்றுக் குறைவானோர் மூன்று கூட்டங்களாகத் திரும்பினார்கள். பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர். கரை இறங்கிய கதையை ஹுவாங் காய்ஜியா என்ற மாணவர் 1882 ஜனவரியில், ஹார்ட்ஃபோர்டில் தன்னை வளர்த்த பார்ட்லெட் அம்மையாருக்கு எழுதினார். உறவினரும் நண்பரும் கூட்டமாக வந்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தார்கள். எதிர்கொள்ள ஒரு முகவர் மட்டுமே வந்திருந்தார். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளில் ஏற்றி, தெருக்கூட்டம் வேடிக்கை பார்த்துச் சிரிக்க, நகருக்குள் கொண்டுபோனார்கள். தப்பி ஓடிவிடக் கூடாதென்று படைவீரர் காவல். தங்கவைத்தது பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்த ஒரு கல்விக்கூடம். தரையிலும் சுவரிலும் ஈரம், படுக்கப் பலகை. பிறகு வரிசையில் நிறுத்தி, நகர அதிகாரியின் முன் விழுந்து வணங்கச் சொன்னார்கள். கடிதத்தில் கோபத்தைவிடத் திகைப்பே மேலோங்கி நிற்கிறது. என்ன குற்றம் செய்தோம் என்று கேட்கும் ஒருவரின் குரல் அது.

ஊர் திரும்பும் எவருக்கும் முதல் நாள்கள் நினைவில் தங்கும். இவர்களுக்கு அந்த நாள்கள் சொன்ன செய்தி, நீங்கள் சந்தேகத்துக்குரியவர்கள் என்பது. ஒன்பது ஆண்டுகள் அரசு தன் கருவூலத்திலிருந்து செலவழித்து வளர்த்த பிள்ளைகள் இவர்கள். படிக்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

பிறகு பணிப் பங்கீடு. அவரவர் என்ன படித்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கூட்டம் தந்தி அலுவலகத்துக்கு, ஒரு கூட்டம் ஃபூஜோ கடற்படைப் பள்ளிக்கு, மற்றவர்கள் தியன்ஜினில் கடற்படைக்கும் மருத்துவப் பள்ளிக்கும் என்று வெட்டிப் பிரித்தார்கள். சம்பளம் சொற்பம். மேலதிகாரிகள் செவ்வியல் நூல்களை மனப்பாடம் செய்து தேர்வெழுதி வந்தவர்கள். அவர்கள் பார்வையில் இந்த இளைஞர்கள் தாய்மொழியைத் தப்பும் தவறுமாக எழுதும் அரைகுறைகள்.

யார் எப்படி ஒட்டினார்கள்

இங்கேதான் ஆய்வுக்குப் பயனுள்ள பகுதி தொடங்குகிறது. ஒரே வளர்ப்பு, ஒரே பயணம், ஒரே அவமானம். ஆனால் வாழ்க்கைகள் பிரிந்தன. எதனால் பிரிந்தன?

ஜான் தியன்யோவைப் பாருங்கள். யேலில் ரயில்பாதைப் பொறியியல் படித்தவரை ஃபூஜோவில் கப்பலோட்டக் கற்றுக்கொள்ள வைத்தார்கள். பிறகு குவாங்தோங்கில் ஆங்கிலம் கற்பித்தார், கடற்கரை வரைபடம் வரைந்தார். இந்த ஏழு ஆண்டுகளில் அவரைப் பார்த்திருந்தால், வெளிநாடு போய் வந்தும் பயனில்லை என்றே யாரும் சொல்லியிருப்பார்கள். 1888இல், ஹார்ட்ஃபோர்டு நாள்களின் தோழர் ஒருவரின் பரிந்துரையால் தியன்ஜின் ரயில்வேயில் இடம் கிடைத்தது. அதன் பிறகு லுவான் ஆற்றுப் பாலம். 1905 முதல் 1909 வரை பெய்ஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்குப் போட்ட ரயில்பாதை: ஏறத்தாழ 200 கிலோமீட்டர், மலைச்சரிவில் ரயில் திசைமாறி முன்னும் பின்னுமாக ஏறும்படி அமைத்த தண்டவாளம், சீனப் பெருஞ்சுவரின் அடியில் 1,091 மீட்டர் பாதலிங் சுரங்கம். சீனப் பொறியாளர்களே வடிவமைத்துக் கட்டிய முதல் பெரும் ரயில்பாதை அது. குறித்த காலத்துக்கு முன்பே முடிந்தது. 1888இல் அவர் குணம் ஒன்றும் மாறிவிடவில்லை. அவர் கற்றதைக் கேட்கும் இடம் ஒன்று அப்போதுதான் கிடைத்தது.

கைபிங் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போன சிலருக்கு ஆரம்பத்திலேயே நல்ல காலம். அந்த நிறுவனத்தை நடத்திய தாங் திங்ஷு, சிறுவயதில் யுங் விங்கோடு ஒரே மிஷனரிப் பள்ளியில் படித்தவர். ஆங்கிலமும் வெளிநாட்டு வணிகமும் அறிந்தவர். இந்த இளைஞர்கள் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். தந்தி அலுவலகத்தில் ஒருவர் இழந்த அதே ஆண்டுகளில் இங்கே மற்றொருவர் சுரங்கப் பொறியாளராக வளர்ந்தார். வேறுபாடு மேலாளரில்தான் இருந்தது.

கடற்படைக்குப் போனவர்களுக்கு அந்தக் காலமே கிடைக்கவில்லை. 1884 ஆகஸ்ட் 23 அன்று ஃபூஜோவில் பிரெஞ்சுக் கப்பல்கள் சீனக் கப்பற்படையை அழித்தபோது இவர்களில் நால்வர் இறந்தார்கள். 1894இல் தொடங்கிய ஜப்பான் போரில் மேலும் மூவர். விசுவாசம் இல்லாதவர்கள் என்று திரும்ப அழைக்கப்பட்டவர்கள் இவர்கள்.

ஒட்டாமலே போனவர்களும் உண்டு. ரோங் குய் என்பவர் சடையை வெட்டி, கிறித்தவராகி, திரும்பும் கூட்டத்திலிருந்து விலகி அங்கேயே தங்கி யேலில் படித்தார். பின்னர் வாஷிங்டனில் இருந்த சீனத் தூதரகத்திலேயே நெடுங்காலம் பணியாற்றினார். அனுப்பிய நாடு அவரை இழந்ததாகச் சொல்ல முடியாது. லி என்ஃபு ஊருக்கு வந்து, கடற்படைப் பள்ளியில் இருப்புக்கொள்ளாமல், மீண்டும் அமெரிக்கா போய் 1887இல் பட்டத்தை முடித்தார்.

இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். ஒருவரையொருவர் அவர்கள் விடவில்லை. இளவயதில் கொரியாவுக்கு அனுப்பப்பட்ட தாங் ஷாவோயி, அங்கே சீன அரசின் பிரதிநிதியாக இருந்து பின்னாளில் பெரும் அதிகாரம் பெற்ற யுவான் ஷிகாயின் நம்பிக்கையைப் பெற்று மேலே வந்தார். வந்தபின் பழைய தோழர்கள் பலர் அந்த வட்டத்துக்குள் வந்தார்கள். ரயில்வேயிலும் தூதரகங்களிலும் ஒருவர் நுழைந்த கதவு வழியாக அடுத்தவர் நுழைந்தார். இதைச் சலுகை என்று பழிப்பவர்கள் இருக்கலாம். அரசு செய்யத் தவறிய வரவேற்பை அவர்கள் தங்களுக்குள் செய்துகொண்டார்கள் என்று நான் பார்க்கிறேன்.

பக்கத்து நாட்டில் மூன்று பெண்கள்

அதே ஆண்டுகளில் ஜப்பானும் பிள்ளைகளை அனுப்பியது. 1871இல், மேற்கு நாடுகளுக்குப் புறப்பட்ட இவாகுரா அரசுத் தூதுக்குழுவோடு ஐந்து பெண் பிள்ளைகள் கப்பலேறினார்கள். அவர்களில் மிகச் சிறியவர் த்சுதா உமேகோ, ஏழு வயது நிறையாதவர். இருவர் சீக்கிரமே திரும்ப, மூவர் பத்தாண்டுகள் தங்கினார்கள். உமேகோவும் வாஸர் கல்லூரிப் பட்டதாரியான யமகாவா சுதேமத்சுவும் 1882 இறுதியில் திரும்பியபோது, அவர்களை அனுப்பிய ஹொக்காய்தோ குடியேற்ற அலுவலகமே கலைக்கப்பட்டிருந்தது. நாங்கள் வந்துவிட்டோம், என்ன செய்ய வேண்டும் என்று கேட்க ஒரு மேசைகூட இல்லை.

உமேகோ ஜப்பானிய மொழியை மறந்திருந்தார். சொந்த வீட்டில் தாயோடு பேச முடியாத பதினேழு வயதுப் பெண். தன்னை வளர்த்த லான்மன் அம்மையாருக்கு அவர் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டே இருந்த கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: அரசு செலவில் படித்த நான் எப்படிப் பயன்படப் போகிறேன்? அரசு அனுப்பிய ஆண்கள் திரும்பியதும் பதவிகளில் அமர்ந்தார்கள். பெண்களுக்கு எதிரே இருந்தது திருமணம். சுதேமத்சு அடுத்த ஆண்டே ராணுவ அமைச்சரை மணந்தார். உமேகோ மறுத்தார். உயர்குடிப் பெண்கள் பள்ளியில் ஆசிரியர் பணி, மீண்டும் அமெரிக்காவில் பிரின் மார் கல்லூரி, கடைசியில் 1900இல் டோக்கியோவில் சொந்தமாக ஒரு பெண்கள் கல்விக்கூடம். சுதேமத்சுவும், மூவரில் மற்றவரான ஷிகேகோவும் அதற்குத் துணை நின்றார்கள். நாடு அவருக்கென்று ஓர் இடம் வைக்காததால் அவரே ஓர் இடம் கட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன.

கோடும் அதன் குறையும்

ஊர் திரும்புவோரைப் பற்றிப் பேசும்போது ஆய்வாளர்கள் காட்டும் ஒரு வரைகோடு உண்டு. 1955இல் லிஸ்கார்ட், வெளிநாடு சென்ற நார்வே நாட்டவரை ஆராய்ந்து, தொடக்க உற்சாகம், பிறகு சரிவு, பிறகு மீட்சி என்று கண்டார். 1963இல் கல்லஹார்ன் இணையர் அதை நீட்டி, வீடு திரும்பியதும் அதே சரிவும் மீட்சியும் இரண்டாம் முறை நிகழ்கின்றன என்றார்கள். இன்று திரும்பி வரும் மாணவருக்கு இது உதவும். உனக்கு மட்டும் நடப்பதல்ல என்று அது சொல்கிறது.

ஆனால் அந்தக் கோட்டில் காலம் மட்டுமே நகர்கிறது. ஷாங்காயில் இறங்கியவர்களுக்குக் காலம் ஒன்றாகவே நகர்ந்தது, மீட்சி ஒன்றாக வரவில்லை. சுரங்கத்தில் ஓரிரு ஆண்டில் வந்தது, ரயில்வேயில் ஏழு ஆண்டில், சிலருக்கு வரவேயில்லை. வேலை, மேலதிகாரி, பழைய தோழர் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால்தான் யாருக்கு எப்போது வந்தது என்பது விளங்குகிறது. தமிழ்நாட்டில் இன்று ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் கல்விக் கடன், விசா, தங்குமிடம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் பேசுகிறோம். திரும்பி வந்தால் அவன் எந்த அறையில் இருப்பான், எத்தனை மாதம் வேலை தேட விடுவோம், உறவினர் முன் அவனை எப்படிப் பேசுவோம் என்பதைப் பேசும் வீடு எத்தனை? இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் போதும்.

திரும்பியவர்கள் வரவேற்றபோது

யுங் விங்கின் முடிவு எளிதாக இல்லை. 1898 சீர்திருத்த முயற்சி கவிழ்ந்ததும் அவர் சீனாவில் தலைமறைவாக வேண்டியிருந்தது. அதே ஆண்டு அமெரிக்க அரசு, 1852இல் அவருக்குத் தந்த குடியுரிமை செல்லாது என்றது. இரண்டு வீடுகளும் ஒரே ஆண்டில் கதவைச் சாத்தின. எப்படியோ அமெரிக்காவுக்குத் திரும்பி, 1912 ஏப்ரலில் ஹார்ட்ஃபோர்டில் இறந்தார். அப்போது சீனக் குடியரசின் முதல் பிரதமராக இருந்தவர் அவர் அனுப்பிய மாணவர் தாங் ஷாவோயி.

அவர் மாணவர்களில் இன்னொருவரான லியாங் செங், 1903 முதல் 1907 வரை வாஷிங்டனில் சீனத் தூதராக இருந்தார். பாக்ஸர் கிளர்ச்சிக்குப் பின் சீனா வெளிநாடுகளுக்குக் கட்ட வேண்டியிருந்த இழப்பீட்டுத் தொகையில் மிகையாக வாங்கியதை அமெரிக்கா திருப்பித் தர வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடினார். அந்தப் பணத்தில் 1909 முதல் மாணவர்கள் மீண்டும் அமெரிக்கா போனார்கள். அவர்களைத் தயார்செய்ய 1911இல் சிங்ஹுவா பள்ளி தொடங்கியது. 1912இல் அதன் தலைவரான தாங் குவோ'ஆனும் ஹார்ட்ஃபோர்டு கூட்டத்தவரே. இம்முறை போனவர்கள் பத்து வயதுச் சிறுவர்கள் அல்ல. ஊரில் படித்து, வயது வந்து, நேராகக் கல்லூரியில் சேரப் போனவர்கள். சிறுவனாக அனுப்பினால் என்ன ஆகும் என்பது அனுப்பியவர்களுக்குச் சொந்த அனுபவம்.

பழைய தேர்வு முறையை அரசு 1905இல் ஒழித்திருந்தது. அடுத்த ஆண்டு பெய்ஜிங்கில், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்களுக்கென்று தனித் தேர்வு நடந்தது. அவரவர் படித்த துறையிலேயே கேள்விகள். தேறியவர்களுக்கு, செவ்வியல் தேர்வில் வென்றோருக்குத் தந்துவந்த அதே ஜின்ஷி, ஜூரென் பட்டங்கள். நீ என்ன படித்தாய் என்று திரும்பி வந்தவரிடம் அரசு முறைப்படி கேட்டது அப்போதுதான். அந்தத் தேர்வாளர் குழுவில் தாங் ஷாவோயியும் ஜான் தியன்யோவும் இருந்தார்கள்.